நெடுஞ்சாலையில் வேக வரம்பைக் குறைத்தால் உயிரிழப்பு குறையுமா?

2018 ஏப்ரலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. விரைவுச்சாலைகளில் கார்கள் மணிக்கு 120 கி.மீ. வரையிலும், மையத் தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் 100 கி.மீ. வரையிலும் செல்லலாம் என்று அது வரம்பை உயர்த்தியது. எஞ்சின் தொழில்நுட்பமும் சாலைகளின் தரமும் மேம்பட்டுவிட்டன என்பது அரசு சொன்ன காரணம். 2021-ல், விபத்து இழப்பீடு தொடர்பான ஒரு மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, வரம்பைக் குறைத்துப் புதிய அறிவிக்கை வெளியிடுமாறு உத்தரவிட்டது. எஞ்சின் மேம்பட்டதை வேகத்தைக் கூட்டப் போதிய காரணமாக நீதிபதிகள் ஏற்கவில்லை.

இந்த இரண்டு நிலைகளுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. வேகமே உயிரைப் பறிக்கிறது, ஆகவே குறைக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. எதிர்த்திசையில் வருபவரையும் விளக்கில்லாமல் நிற்கும் லாரியையும் விட்டுவிட்டுப் பலகையில் எண்ணை மாற்றி என்ன பயன் என்பது இன்னொரு தரப்பு. கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், வரம்பைக் குறைப்பது உயிர் காக்கிறது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அது எவ்வளவு காக்கும் என்பதைச் சாலையின் அமைப்பும், உண்மையில் வேகம் எவ்வளவு குறைந்தது என்பதுமே தீர்மானிக்கின்றன.

முதலில் நான்கு சொற்கள்

இந்த விவாதத்தில் குழப்பம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம், வெவ்வேறு நான்கு விஷயங்களை ‘வேகம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான்.

1. வேக வரம்பு: சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு இதை நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் தருகிறது.

2. சராசரி வேகம்: ஒரு சாலையில் வண்டிகள் உண்மையில் ஓடும் வேகங்களின் சராசரி. வரம்பு மாறினாலும் இது மாறாமல் இருக்கக்கூடும்.

3. வேக வேறுபாடு: ஒரே சாலையில் ஒரே நேரத்தில் ஓடும் வண்டிகளுக்கு இடையே உள்ள வேக இடைவெளி.

4. மோதல் வேகம்: பிரேக் பிடித்த பிறகும் மிஞ்சி நின்று, மோதும் கணத்தில் வண்டிக்கு இருக்கும் வேகம். உடலைத் தாக்குவது இந்த நான்காவது வேகம்தான்.

வரம்பு என்பது முதல் கண்ணி மட்டுமே. அது சராசரி வேகத்தை மாற்றி, அதன் வழியே மோதல் வேகத்தை மாற்றினால்தான் ஓர் உயிர் தப்பும். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் பலகையில் உள்ள எண் வெறும் எண்தான்.

69 மீட்டரில் நடப்பது

செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே செல்லும் திருச்சி சாலையை எடுத்துக்கொள்வோம். எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் படாமல் இருக்க மையத் தடுப்பில் அரளி வளர்த்திருக்கிறார்கள். ஊர் வரும் இடங்களில் அந்தத் தடுப்பில் இடைவெளி விடப்பட்டிருக்கும். அப்படி ஓர் இடைவெளியில், பால் கேன் கட்டிய மொபெட் ஒன்றின் முன்சக்கரம் அரளிப் புதருக்கு இப்பால் மெல்ல நீள்கிறது. ஓட்டி வருபவருக்குப் பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் சக்கரத்தை முதலில் சாலைக்குள் நீட்டியாக வேண்டும். காரில் வருபவருக்கு அந்தச் சக்கரம் தெரியும்போதுதான் ஆள் இருப்பதே தெரியும்.

காரோட்டி பார்த்து, புரிந்து, காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைப்போம். உலர்ந்த சாலை, நல்ல டயர், முழு அழுத்தத்தில் பிரேக் என்றும் கொள்வோம்.

80 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒன்றரை நொடியில் 33 மீட்டரும், பிரேக் பிடித்த பின் 35 மீட்டரும் ஓடி, ஏறத்தாழ 69 மீட்டரில் நின்றுவிடும்.

100 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு 97 மீட்டர் வேண்டும். முதல் கார் முழுவதுமாக நின்றுவிட்ட அந்த 69-ஆம் மீட்டரில், இந்தக் கார் இன்னும் மணிக்கு 70 கி.மீ.க்குச் சற்று மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

120 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதே இடத்தைக் கடக்கும்போது அதன் வேகம் 100 கி.மீ.க்கு மேல் இருக்கும். பிரேக் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

வரம்புக்கு இடையே உள்ள வித்தியாசம் 20 கி.மீ.தான். மொபெட்டில் இருப்பவருக்கு அது, கார் தொடாமல் நிற்பதற்கும் 70 கி.மீ. வேகத்தில் இடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். ‘பத்து இருபது கூடப் போனால் என்ன’ என்ற எண்ணம் ஏன் தவறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் இருமடிப் படிக்கு ஏற்ப வளர்கிறது. இருக்கும் தூரமோ வளர்வதில்லை.

இரவில் இது இன்னும் கடுமையாகிறது. எதிரில் வண்டி வரும்போது லோ பீமில் ஓட்டினால், விளக்கு தெளிவாகக் காட்டுவது ஏறத்தாழ 50 மீட்டர்தான். ஆகவே பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிக்கு முன்னால், 80 கி.மீ. வேகமே கூட அதிகம்.

சிறு குறைவு, பெரிய பலன்

சுவீடனைச் சேர்ந்த கோரன் நில்சன், தம் நாட்டில் வரம்புகள் மாற்றப்பட்டபோதெல்லாம் என்ன நடந்தது என்பதைத் தொகுத்து ஒரு தொடர்பை வகுத்தார். சராசரி வேகம் மாறும்போது காயம் விளைவிக்கும் விபத்துகள் அந்த மாற்றத்தின் இரண்டாம் படியிலும், உயிரிழப்பு விபத்துகள் நான்காம் படியிலும் மாறுகின்றன என்பது அதன் சாரம். சராசரி வேகம் 5 சதவீதம் குறைந்தால், 0.95-ஐ நான்கு முறை பெருக்கக் கிடைப்பது 0.81; அதாவது உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் படியின் அளவைச் சாலை வகைக்கு ஏற்பத் திருத்தியிருக்கிறார்கள், ஆனால் திசையை யாரும் மாற்றவில்லை.

இந்தத் தொடர்பில் இருப்பது சராசரி வேகம், வேக வரம்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கா: எண்ணெய் நெருக்கடி தந்த சோதனை

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது, எரிபொருளைச் சேமிப்பதற்காக நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 89 கி.மீ., என்ற உச்ச வரம்பை விதிக்கும் சட்டத்தில் அதிபர் நிக்சன் 1974 ஜனவரியில் கையெழுத்திட்டார். பாதுகாப்பு அதன் நோக்கமே அல்ல. ஆனால் 1973-ல் 54,052 ஆக இருந்த சாலை மரணங்கள் 1974-ல் 45,196 ஆகக் குறைந்தன.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. அந்த ஆண்டில் பெட்ரோல் கிடைக்காமல் மக்கள் வண்டி எடுப்பதே குறைந்திருந்தது. ஆகவே முழுக் குறைவையும் வரம்பின் கணக்கில் எழுத முடியாது. பத்தாண்டு அனுபவத்தை 1984-ல் மதிப்பிட்ட தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு, வரம்பால் மட்டும் ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 உயிர்கள் காக்கப்படுகின்றன என்று நிதானமாகவே கணித்தது.

பிறகு படம் திரும்ப ஓடியது. 1987-ல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைல் அனுமதிக்கப்பட்டது; 1995-ல் தேசிய வரம்பே நீக்கப்பட்டது; டெக்சாஸில் ஒரு கட்டணச் சாலையில் 2012 முதல் வரம்பு 85 மைல். மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு அளவுக்கு உயர்த்தியதால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு அமைந்தது. காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வரம்பு 5 மைல் உயர்ந்தபோது பெருவழிகளில் மரண விகிதம் 8.5 சதவீதம் உயர்ந்தது. 1993 முதல் 2017 வரையிலான 25 ஆண்டுகளில் இந்த உயர்வுகள் கொண்டுபோன உயிர்கள் ஏறத்தாழ 37,000 என்பது அதன் கணக்கு.

பிரான்ஸ்: 10 குறைத்தார்கள், 4-க்கும் குறைவாகவே குறைந்தது

வரம்பும் சராசரி வேகமும் ஒன்றல்ல என்பதற்குப் பிரான்ஸ் மிக நல்ல எடுத்துக்காட்டு. 2018 ஜூலை 1 முதல், மையத் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில், ஏறத்தாழ 4 லட்சம் கி.மீ. நீளத்துக்கு, வரம்பு 90-லிருந்து 80-ஆகக் குறைக்கப்பட்டது. கிராமப்புறங்களில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது; அந்த ஆண்டின் இறுதியில் எரிபொருள் வரியை எதிர்த்து வெடித்த மஞ்சள் சட்டைப் போராட்டத்தின்போது நாட்டின் வேகக் கேமராக்களில் பாதிக்கு மேல் சேதப்படுத்தப்பட்டன.

அத்தனைக்கும் நடுவில் உண்மையான சராசரி வேகம் 3 முதல் 4 கி.மீ. வரை குறைந்தது. 10 குறைத்ததற்கு இது சொற்பமாகத் தெரியலாம். ஆனால் அரசின் ஆய்வு அமைப்பான செரெமா, முதல் 20 மாதங்களில் ஏறத்தாழ 350 உயிர்கள் காக்கப்பட்டதாகவும், பிற சாலைகளோடு ஒப்பிடுகையில் இச்சாலைகளில் மரணங்கள் ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்ததாகவும் கண்டது. வேகம் 4 சதவீதம் குறைந்தால் நில்சனின் தொடர்பு சொல்வது 15 சதவீதம், கண்டது 12. மனிதர்களையும் சாலைகளையும் பற்றிய ஒரு கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது அபூர்வம். பயண நேரம் கி.மீ.க்குச் சராசரியாக ஒரு நொடி கூடியது.

2019 இறுதியில் வந்த சட்டம், விரும்பும் மாவட்டங்கள் மீண்டும் 90-க்குத் திரும்பலாம் என்று அனுமதித்தது. பல மாவட்டங்கள் திரும்பின.

‘வேகமல்ல, வேறுபாடே கொல்கிறது’ என்ற வாதம்

வரம்பைக் குறைப்பதை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இது. 1964-ல் டேவிட் சாலமன் அமெரிக்க ஊர்ப்புறச் சாலைகளை ஆராய்ந்து, சராசரியை ஒட்டி ஓடுபவர்களுக்கு ஆபத்து குறைவு, மிக மெதுவாகவோ மிக வேகமாகவோ ஓடுபவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று கண்டார். 1985-ல் பொருளியலாளர் சார்லஸ் லேவ், மரணத்தோடு தொடர்புடையது சராசரி வேகமல்ல, வேக வேறுபாடே என்று எழுதினார். இதன்படி, யாரும் மதிக்காத அளவுக்குக் குறைந்த வரம்பு சிலரை மட்டும் மெதுவாக்கி, வேறுபாட்டைக் கூட்டிவிடக்கூடும்.

இதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் இரண்டு பதில்கள் உள்ளன.

முதலாவது, சாலமன் கணக்கில் மெதுவாகச் சென்று விபத்துக்குள்ளானவர்களில், பக்கச் சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வண்டிகளும் அடங்கும். அவற்றை நீக்கிப் பார்த்த பிற்கால ஆய்வில், மெதுவாக ஓட்டுவதன் ஆபத்து பெருமளவு தணிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தினர் 1997-ல் விபத்துகளைத் தனித்தனியே மறுகட்டமைத்து ஆராய்ந்தபோது, 60 கி.மீ. வரம்புள்ள சாலைகளில் ஒவ்வொரு 5 கி.மீ. கூடுதலுக்கும் காயம்படும் விபத்தின் ஆபத்து இரட்டிப்பாவதைக் கண்டார்கள். மெதுவாகச் சென்றவர்களுக்கு ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது பதில் நம் நாட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. 2018-ல் விரைவுச்சாலையில் கார்களுக்கு 120 என்று நிர்ணயித்தபோது, சரக்கு வாகனங்களுக்கு 80 என்றே இருந்தது. சட்டப்படியே 40 கி.மீ. இடைவெளி. பாரம் ஏற்றிய லாரி உண்மையில் 50, 60-ல்தான் ஊர்கிறது. வேறுபாடுதான் கொல்கிறது என்று உண்மையாகவே நம்புபவர்கள் காரின் வரம்பை உயர்த்தச் சொல்ல முடியாது. நம் சாலைகளில் அந்த வாதம் குறைந்த வரம்பின் பக்கமே நிற்கிறது.

ஸ்காட்லாந்து இரு முனையையும் சேர்த்துப் பிடித்தது. டன்பிளேனுக்கும் இன்வர்னஸுக்கும் இடையிலான ஏ9 சாலையில் 2014-ல் சராசரி வேகக் கேமராக்களை வைத்துக் கார்களை வரம்புக்குள் கொண்டுவந்த அதே நேரத்தில், கனரக லாரிகளின் வரம்பை 40 மைலிலிருந்து 50 மைலாக உயர்த்தினார்கள். இடைவெளி சுருங்கியது, உயிரிழப்பும் குறைந்தது.

ஜெர்மனியைக் காட்டுபவர்களுக்கு

‘ஆட்டோபானில் வரம்பே இல்லையே’ என்ற கேள்வி எப்போதும் வரும். ஜெர்மனியின் விரைவுச்சாலையான ஆட்டோபானில் எதிர் வண்டி வராது, குறுக்குச் சாலை கிடையாது, பாதசாரி கிடையாது, மொபெட் கிடையாது. அதே ஜெர்மனியில் 100 கி.மீ. வரம்புள்ள சாதாரண ஊர்ப்புறச் சாலைகளில்தான் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் நிகழ்கின்றன. மேலும், பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஏ24 ஆட்டோபானின் 60-க்கும் மேற்பட்ட கி.மீ. பகுதிக்கு 2002 இறுதியில் 130 கி.மீ. வரம்பு விதிக்கப்பட்டபோது, அங்கும் விபத்துகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

ஆட்டோபான் நமக்குக் கற்றுத்தருவது வேறொன்று. ஒரு சாலையில் எந்த வகை மோதல் நிகழ முடியும் என்பதே அந்தச் சாலை தாங்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 1997-ல் ‘பூஜ்ஜிய மரணம்’ என்ற இலக்கை ஏற்ற சுவீடன் இதைத்தான் கொள்கையாக்கியது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான கிளேஸ் திங்வால் போன்றோர் முன்வைத்த அளவுகள் இவை:

1. வண்டியும் நடப்பவரும் மோதக்கூடிய இடத்தில் 30 கி.மீ.

2. காரின் பக்கவாட்டில் இன்னொரு கார் மோதக்கூடிய சந்திப்பில் 50 கி.மீ.

3. நேருக்கு நேர் மோதக்கூடிய சாலையில் 70 கி.மீ.

4. இவை எதுவும் நிகழ வழியே இல்லாத சாலையில் 100-க்கு மேல்.

சுவீடன் எல்லாச் சாலைகளிலும் குறைக்கவில்லை. இருவழிச் சாலைகளின் நடுவே 1998 முதல் கம்பிவடத் தடுப்பு அமைத்தார்கள். அங்கே மரணங்கள் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்தன. பிறகு தடுப்பில்லாத சாலைகளில் 90-ஐ 80-ஆகக் குறைத்தார்கள், தரமான மோட்டார் வழிகளில் 110-ஐ 120-ஆக உயர்த்தவும் செய்தார்கள்.

அந்த அளவுகோலை நம் சாலையில் வைத்துப் பார்த்தால்

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச்சாலைகளிலும் இறந்தவர்கள். மொத்தச் சாலை நீளத்தில் இவற்றின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதமே. தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகளும் 17,884 மரணங்களும் பதிவாயின. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம்.

மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று அரசு அறிக்கை சொல்கிறது. இந்த எண்ணை நான் அதிகம் நம்பமாட்டேன். அது காவல் நிலையத்தில் எழுதப்படும் காரணம், விபத்தை அளந்து கண்ட முடிவு அல்ல. அதே அறிக்கையில் நம்பத்தக்க வேறோர் எண் இருக்கிறது: இறந்தவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதத்தினர் நடந்து சென்றவர்கள். ஆக மூன்றில் ஏறத்தாழ இரண்டு பங்கினருக்கு, மோதிய காரின் எஞ்சினோ ஏர்பேகோ எந்த வகையிலும் உதவவில்லை.

எஞ்சின் மேம்பட்டுவிட்டது என்ற வாதம் காருக்குள் இருப்பவரைப் பற்றியது. நம் நான்குவழிச் சாலை பெயரளவில் நெடுஞ்சாலை. ஊர்களை ஒட்டிய இடங்களில் அது ஊர்த்தெருவும்கூட. சர்வீஸ் சாலை பாதியில் முடிந்துவிடுவதால் இருசக்கர வாகனங்கள் எதிர்த்திசையில் வருகின்றன. பேருந்து நிறுத்தம் ஒரு பக்கமும் ஊர் மறுபக்கமும் இருப்பதால் மக்கள் சாலையைக் கடக்கிறார்கள். சுவீடனின் பட்டியலில் உள்ள முதல் மூன்று மோதல்களும் ஒரே கி.மீ.க்குள் சாத்தியமாக இருக்கும் இடத்தில் 100 என்ற எண்ணுக்கு எந்த நியாயமும் இல்லை.

2023-ல் பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையில் மரணங்கள் கூடியபோது வேகக் கேமராக்கள் நிறுவப்பட்டன. கூடவே ஆகஸ்ட் 1 முதல் பிரதானப் பாதையில் இருசக்கர வாகனங்கள், ஆட்டோக்கள், டிராக்டர்கள் தடை செய்யப்பட்டன. மரணங்கள் குறைந்தன. எந்த நடவடிக்கை எவ்வளவு பங்களித்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அங்கே அவர்கள் செய்தது சரியான இரட்டை நடவடிக்கை: மோதல் வகைகளைக் குறைத்தார்கள், மிஞ்சிய மோதல்களின் வேகத்தையும் குறைத்தார்கள்.

நேர இழப்பும் கண்காணிப்பும்

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 330 கி.மீ. காகிதத்தில் 100-க்கும் 80-க்கும் 50 நிமிட வித்தியாசம். ஆனால் ஊர்களும் டீக்கடை நிறுத்தங்களும் சேர்ந்து உண்மையான சராசரி 75 அளவில்தான் இருக்கும் என்று கொண்டால், பிரான்ஸில் போல 4 கி.மீ. குறைவது முழுப் பயணத்துக்கு 15 நிமிடம்.

அந்த 4 கி.மீ. குறைய வேண்டுமானால் கண்காணிப்பு தேவை. ஓர் இடத்தில் நிற்கும் கேமராவைக் கண்டு பிரேக் பிடித்து, 200 மீட்டர் தாண்டியதும் மீண்டும் மிதிப்பது எல்லா நாட்டு ஓட்டுநர்களுக்கும் தெரிந்த வித்தை. இரண்டு இடங்களில் வண்டி எண்ணைப் படித்து, இடைப்பட்ட தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுக்கும் சராசரி வேகக் கண்காணிப்பில் அது செல்லாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி மின்னணுக் கண்காணிப்புக்கு இடம் தருகிறது. அபராதம் விதிக்க, ஒப்புதல் பெற்ற கருவியின் பதிவு வேண்டும்.

அபராதத்துக்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒரே சாலையில் இரண்டு சுங்கச்சாவடிகளுக்கு இடையே பொதுவாக 60 கி.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு வண்டியும் கடக்கும் நேரத்தை ஃபாஸ்டேக் ஏற்கெனவே பதிவு செய்கிறது. 60 கி.மீ. தூரத்தை ஒரு கார் 30 நிமிடத்தில் கடந்தால் அதன் சராசரி 120. பெயரும் வண்டி எண்ணும் இல்லாமல், பகுதிவாரியாக இந்தச் சராசரிகளை மட்டும் எடுத்து, வரம்பு மாறுவதற்கு முந்தைய ஆறு மாதத்தையும் பிந்தைய ஆறு மாதத்தையும் அதே பகுதியின் மரண எண்ணிக்கையோடு சேர்த்து அமைச்சகம் வெளியிடலாம். அப்படிச் செய்தால், வேக வரம்பு பற்றிய அடுத்த வழக்கு எஞ்சினின் தரத்தைப் பற்றிய வாதமாக இருக்காது. எந்த ஊர் இடைவெளியில் எந்த வேகத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைப் பற்றியதாக இருக்கும்.